அமாக் ருமேனாவின் நேர்ச்சை ஆடு

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் முதல் பிள்ளை பிறந்ததும் ஊர் அதைப் பிடுங்கிக்கொள்ளும். மகள் ருமேனா பிறந்த அன்றிலிருந்து அவர் அமாக் ருமேனா, அதாவது ருமேனாவின் அப்பா. மனைவி இனாக் ருமேனா, ருமேனாவின் அம்மா. அவர் சந்தையில் குதிரை வண்டி ஓட்டுகிறார். குதிரை மெதுவாகப் போகும். அவர் வாய் நாலுகால் பாய்ச்சலில் போகும்.

போன ஹஜ்ஜுப் பெருநாளில் அந்த வாய் கொஞ்சம் கூடுதலாகவே பாய்ந்தது. பக்கத்து வண்டிக்காரர் அமாக் மஸ்னுன், மனைவிக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக நேர்ந்துவிட்ட ஆட்டை அறுத்தார். நேர்ச்சை ஆட்டில் நேர்ந்தவர் வீட்டார் ஒரு துண்டுகூடத் தின்னக் கூடாது, மொத்தமும் ஏழைகளுக்கு. மஸ்னுன் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்து அமாக் ருமேனா சந்தைக்கே கேட்கும்படி சொன்னார்:

“நாங்கள்லாம் ஆசைப்பட்டுக் குடுக்கறவங்க. நீரு, அல்லா கழுத்தைப் பிடிச்சாத்தான் குடுப்பீரு.”

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். மஸ்னுன் மட்டும் குதிரையின் கடிவாளத்தைச் சரிசெய்துகொண்டு நின்றார். அது சரியாகத்தான் இருந்தது.

இந்த வருட மழையில் ருமேனாவுக்கு டெங்கு வந்தது. பத்து வயதுப் பெண், மூன்று நாள் கண் திறக்கவில்லை. அமாக் ருமேனாவின் கழுத்தை யாரும் பிடிக்கவில்லை; அவரே நீட்டினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, “யா அல்லா, இவ பொழச்சிட்டா வீட்டுல நிக்கிற கருப்புக் கிடா உனக்குக் குர்பானி, இது நேர்ச்சை” என்று வாய்விட்டுச் சொன்னார். கேட்டது ஒரு பூனை மட்டும்.

ருமேனா பிழைத்தாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்தக் கிடாவுக்குத்தான் பலா இலை ஒடித்துப் போட்டாள். “பெருநாளைக்கு உன் ஈரல் எனக்குத்தான்” என்று அதன் காதிலேயே சொல்லவும் செய்தாள். அப்பா பக்கத்தில் நின்று கேட்டார். நேர்ச்சையைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டால் மஸ்னுன் காதுக்குப் போகுமே.

பெருநாள் தொழுகை முடிந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் ஊர் ஆலிமான துவான் குரு, கிடாவின் கண்ணில் படாதபடி கத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

“சுன்னத்தா, நேர்ச்சையா?” என்று கேட்டார். விரும்பிக் கொடுப்பது சுன்னத்து; அதில் வீட்டாரும் தின்னலாம்.

கிடாவின் பின்னங்காலைப் பிடித்திருந்தவர் அமாக் மஸ்னுன்.

“சுன்னத்துதான், துவான் குரு. மனசார” என்றார் அமாக் ருமேனா.

அந்தக் கடைசிச் சொல்லை யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. அவராகத்தான் சேர்த்தார்.

கிடாவை மக்காவின் திசையான கிப்லாவைப் பார்க்கப் படுக்கவைத்தார்கள். பிஸ்மில்லா, ஸலவாத், தக்பீர் எல்லாம் ஓதினார் துவான் குரு. “இறைவா, இது நீ தந்தது, உனக்கே தருகிறோம். அமாக் ருமேனாவிடமிருந்து இதை ஏற்றுக்கொள்வாயாக.” துஆவில் மகள் பெயரும் சேர்ந்தே மேலே போனது. அவர் ஆமீன் சொன்னார், உதட்டளவில். இறைச்சியோ ரத்தமோ அல்லாவிடம் போவதில்லை, மனசில் இருப்பதுதான் போகிறது என்று துவான் குரு காலையில்தான் பயான் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். அப்படியானால் இப்போது என்ன போயிருக்கும் என்று நினைத்ததும் அவருக்குக் காது சுட்டது.

ஆட்டுக்காரர் பங்காக ஈரலும் ஒரு தொடையும் வாழை இலையில் வீட்டுக்கு வந்தன. இனாக் ருமேனா மிளகாய் தடவிச் சுட்டாள். ருமேனா முதல் துண்டை ஊதி ஊதி அப்பா வாயில் வைத்தாள். விழுங்கிவிட்டார். அடுத்த துண்டு அவள் வாய்க்குப் போகும்போது கையைத் தட்டிவிட்டார். ஈரல் சாம்பலில் விழுந்தது.

“திங்காத. யாரும் திங்காதீங்க.”

“ஏன், கெட்டுப்போச்சா?” என்றாள் இனாக் ருமேனா.

“இறைச்சி கெடல.”

சுட்ட ஈரல் சட்டியையும் தொடையையும் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார். ருமேனா பின்னாலேயே வந்தாள். முற்றத்தில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“துவான் குரு, அது நேர்ச்சை ஆடு. பொய் சொல்லிட்டேன். ஒரு துண்டு தின்னும் தொலைச்சிட்டேன்.”

துவான் குரு கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

“இதெல்லாம் இங்க வையும். தின்ன அளவுக்கு இறைச்சி வாங்கி ஏழைக்குக் குடுத்திரும்” என்றார் துவான் குரு. “பொய்க்கு என்கிட்ட வழி கேக்காதீரு. அது உமக்கும் அல்லாவுக்கும் நடுவுல.”

அமாக் ருமேனா மஸ்னுனைப் பார்த்தார். போன வருடம் தான் சொன்னதை அவர் இதோ திருப்பிச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார். சொல்லியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். மஸ்னுனோ, அன்று காலையில் அறுத்த தன் ஆட்டு ஈரலில் பாதியை அறுத்து, இலையில் சுற்றி, ருமேனாவிடம் நீட்டினார்.

“இது சுன்னத்து ஆடு, புள்ள. நீ திங்கலாம்.”

அவள் வாங்கிக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார்.

திரும்பும் வழியில் கேட்டாள்: “எதுக்குப்பா நேர்ந்தீங்க?”

“உனக்குக் காய்ச்சல் வந்தப்ப.”

அவள் நின்று அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அதைச் சொல்லவா வெக்கப்பட்டீங்க?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் இலைப் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நாலடி முன்னால் போய்விட்டாள்.