மதாம் லீசல் நடித்தவர்

பாரிஸில் வயோதிபர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலையில் எனக்கு அது முதல் நாள். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்தியவன். அதே வேலை பார்த்த சாந்தி லீவில் போகவிருந்ததால், தான் பார்த்துவந்த மூதாட்டியின் வீட்டுச் சாவியை லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படியில் வைத்துத் தந்தார். விமான நிலையத்துக்குப் போகும் அவசரம் அவருக்கு.

“பேர் மதாம் லீசல். தொண்ணூறு தாண்டிட்டா. பிரெஞ்சு கதைப்பா, ஏலாமல் போனா டொச்சுதான் வரும். அவ நடிச்சவ அண்ணை. நல்லா நடிச்சவ.”

எங்கள் பேச்சில் ஒருவர் நடிக்கிறார் என்றால் பாசாங்கு செய்கிறார் என்று பொருள். எச்சரிக்கை என்றே எடுத்துக்கொண்டேன்.

தேநீரைக் கொடுத்தபோது மதாம் கோப்பையைத் தள்ளினார். கையை மார்பில் வைத்து, கண்களை மூடி, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சாந்தி சொன்ன டொச்சு, அதாவது ஜெர்மன் மொழி; எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. மேடையில் நிற்பவரைப் போலத்தான் இருந்தார். வீணாக அம்புலன்ஸைக் கூப்பிட்டால் முதல் நாளே வேலை போய்விடும். கூப்பிடாமல் விட்டு இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. வியர்வையையும் நடிக்க முடியுமா?

பத்திரிகையில் சந்தேகமான செய்தி வந்தால் தந்தவரிடமே திருப்பிக் கேட்போம். சாந்திக்கு ஃபோன் அடித்தேன்.

“மதாம் நெஞ்சைப் பிடிக்கிறா. இது நடிப்போ?”

“என்ன விசர்க் கதை அண்ணை? அவ சினிமாவிலை நடிச்சவ. ஃபோனை அவவின்ரை வாயடியிலை வையுங்கோ.”

வைத்தேன். சாந்தி முன்பு ஜெர்மனியில் இருந்தவர். இருவரும் ஏதோ பேசினார்கள்.

“நெஞ்சை அமத்துதாம், இடக்கையும் நோகுதாம். உடனை பதினைஞ்சுக்கு அடியுங்கோ.”

பதினைந்து இங்கே அவசர மருத்துவ எண். வந்தவர்கள் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்த கையோடு மாரடைப்பு என்று தூக்கிக்கொண்டு போனார்கள்.

மீதியைச் சாந்தி திரும்பி வந்தபின் சொன்னார். வியன்னாவில் பிறந்த மதாம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூன்று ஜெர்மன் படங்களில் நடித்திருக்கிறார். மூன்றாவது முடியுமுன்பே படப்பிடிப்புக் கூடத்தில் குண்டு விழுந்தது. போர் முடிந்ததும், நாஜி ஆட்சிக் காலத்துப் படங்களில் முகம் காட்டியவரை யாரும் கூப்பிடவில்லை. ஒரு பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

மதாம் பிழைத்து வீடு திரும்பினார். வேலை கைமாறும்போது ஆளின் பெருமையைப் பிறகு சொல்லலாம். உடம்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிறகு எனக்குப் பதிலாக வந்த பெண்ணிடம் நான் படங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“மதாம் நோகுதெண்டு சொன்னா, நோகுதுதான் பிள்ளை,” என்றேன்.