டில்லிபாபு வாங்கிய பழைய டிஸ்க்

பட்டாபிராமில் கல்யாணப் படம் எடுக்கும் டில்லிபாபுவைச் சிக்கனக்காரர் என்பார்கள், மரியாதைக்கு. இத்தனை வருஷத்துக் கல்யாணங்களையும் போட்டு வைக்க ஸ்டூடியோவில் சர்வர் வைத்த மனுஷன், ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சரக்கு விற்கும் சுலைமானிடம் போய் நின்றார்.

“புதுசு சிலது கைக்கொழந்தையிலயே பூடும் நைனா. இது ஏதோ ஆஸ்பத்திரி சர்வர்ல நிக்காம ஓடிக்கினு இருந்தது. ஆயுசு கெட்டி. ஆனா இத்த மட்டும் நம்பாத, இன்னொண்ணுலயும் காப்பி போட்டு வெய்யி,” என்றார் சுலைமான்.

ஆயுசு கெட்டி என்பது டில்லிபாபு காதில் விழுந்தது. காப்பி விஷயம் விழவில்லை.

மழைக்காலத்தில் டிஸ்க் முனக ஆரம்பித்தது. சில படங்களைத் திறந்தால் டக், டக் என்று சத்தம். படத்தில் ஓரிடம் சாம்பல் பட்டையாக நின்றுவிடும். முதலில் அதில் மறைந்தது எதிர்வீட்டு முத்தம்மாளின் முகம். அந்த வாரமே அவள் மகன் வந்து நின்றான்.

“அண்ணாத்தே, அம்மா பூட்டாங்க. பேனருக்கு நல்ல படமா ஒண்ணு எடுத்துக் குடு.”

ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் கல்யாணப் படத்திலிருந்துதானே முகத்தை வெட்டுகிறார்கள்! அடுத்து பட்டை அதே தெரு நாகப்பன் மேல் விழுந்தது. கல்லுக்குண்டு மாதிரி இருந்த ஆள். டீ குடிக்கப் போனவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. பட்டை விழுந்த ஆள் பிழைக்காது என்று டில்லிபாபுவுக்குத் தோன்றிவிட்டது. பேரம்கூடப் பேசாமல் புது டிஸ்க் வாங்கி வந்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்ற உட்கார்ந்தார்.

மத்தியானம்வரை ஒழுங்காக ஓடிய வேலை ஒரு படத்தில் நின்றது. டக். டக்.

திறந்தார். மச்சினன் கல்யாணத்தில் கேமராவை யார் கையிலோ திணித்துவிட்டு, ஓடிப்போய் மனைவி சித்ராவின் பக்கத்தில் நின்ற படம். ஊரையே படம் பிடித்தவருக்குப் பெண்டாட்டியோடு இருக்கும் படம் அது ஒன்றுதான். அதில் அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சித்ராவின் கழுத்துக்கு மேலே சாம்பல்.

“ஐயோ, வேணாம். அவ வேணாம்.”

மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார். பட்டை அவள் கன்னத்துக்கு வந்திருந்தது. மறுபடி திறந்தார். தோளுக்கு நகர்ந்தது. சாகக் கிடக்கிற டிஸ்க் தடவைக்கு ஒரு மாதிரி படிக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொண்டே இன்னொரு முறை திறந்தார்.

சித்ரா முழுசாக வந்தாள், மூக்குத்தி முதற்கொண்டு. பட்டை பக்கத்தில் நின்றவரின் முகத்தில் இருந்தது.

போன் அடித்தது. சித்ராதான். “இன்னாய்யா, சோறு ஆறிக்கினு கீது. வர்றியா இல்லியா?”

“தோ வர்றேம்மா.”

இன்னொரு தடவை திறந்தால் தன் முகமும் வரலாம். மறுபடி அவள்மேல் போய் உட்காரவும் செய்யலாம். டில்லிபாபு திறக்கவில்லை. படத்தைத் திரையில் இருந்தபடியே புது டிஸ்க்கில் போட்டுக்கொண்டு, பழையதன் வயரைப் பிடுங்கினார். பயம் போகவில்லை. மனசு மட்டும் அப்பாடா என்றிருந்தது. என்றைக்கும் இல்லாத வழக்கமாகக் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, அவளோடு உட்கார்ந்து சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினார்.