பெரிய இஞ்சின்

எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது விட்டுப்போனது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, தரையை ஒட்டிக் கிடக்கும். ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர்தான் அதைப் பழுது பார்த்து வந்தவர். அதனால் அது எங்களிடமே வந்து சேர்ந்தது. எழுபதுகளின் நடுவில் என்று வையுங்கள்.

நான் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் செம்மண் சாலையில் நடைதான். லைசன்ஸ் எடுத்து நானே பள்ளிக்கு ஓட்டிப் போக வேண்டும் என்பது என் ஆசை. பொம்பளைக்கு எதற்கு என்று கேட்கிற ஆள் இல்லை அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர் காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார். நான் குள்ளம். சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, முதுகுக்கு ஒரு பஞ்சுத் தலையணை கொடுத்தால்தான் கால் எட்டும். முதல் கியர் வந்தது, ரெண்டாவதும் வந்தது. மூணாவது அடுத்த வாரம் என்றார்.

அந்த அடுத்த வாரம்தான் மாரியம்மன் கோயில் மேட்டில் வண்டி நின்றது. கிளப்பினேன், மறுபடியும் நின்றது. லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

"டீச்சரக்கா, எறங்கித் தள்ளுங்க, நாங்களும் வாரோம்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அவர் சத்தமாகச் சொன்னார்: "அவங்க மேல தப்பு இல்லலா. வண்டிக்குத் தெம்பு பத்தல. பெரிய இஞ்சினா மாத்துறேன் பாருங்க."

கிளட்சிலிருந்து நான் காலை அவசரமாக எடுத்ததுதான் காரணம். எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போகிற வழியில், தப்பு என்னுடையதுதான், இஞ்சினை விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிற எனக்கு அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை.

ஊர் முன்னால் சொன்ன சொல்லாயிற்றே. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கும்போதெல்லாம், "என்னண்ணே, இஞ்சின் வந்திருச்சா?" என்று கேட்டுக் கேட்டே அவரை உசுப்பேற்றினார்கள். ஈப்போவில் ஒரு சீனருடைய பழைய இரும்புக் கடையில், அடிபட்ட ஜப்பான் காரின் ஆறு சிலிண்டர் இஞ்சின் கிடைத்தது. பழைய இஞ்சின் பாகான் டத்தோ மீனவர் ஒருவரின் படகுக்குப் போயிற்று.

புதுசோ நீளம். இஞ்சினுக்கும் கால் வைக்கிற இடத்துக்கும் நடுவிலிருந்த தகட்டை அடித்துப் பின்னால் தள்ளினார். கியர்பெட்டி பருமன் என்று ரெண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த மேட்டை அகலமாக்கினார். இஞ்சின் மூடி மூடவில்லை என்று அதிலும் ஓட்டை போட்டார். மாதக்கணக்கில் இதே வேலை. தேத்தண்ணி கொண்டுபோகும்போதெல்லாம் மூணாவது கியர் எப்போது என்று கேட்பேன். "இஞ்சின் முடியட்டும், போலாம்" என்பார்.

வேலை முடிந்ததும் பூசை அதே கோயிலில். நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சூடம் காட்டியாயிற்று. சாவியை என் கையில் கொடுத்து, "நீதான் எடுக்கணும்" என்றார்.

ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தேன். அசையவில்லை. அகலமான மேடு இடிக்கிறது என்று சீட்டை அவருடைய கால் நீளத்துக்குத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். இத்தனை மாதமும் உட்கார்ந்து பார்த்தது அவர்தானே. தலையணை வைத்தும் கட்டைவிரல்தான் கிளட்சைத் தொட்டது. கிளட்சும் கல்லாக இருந்தது, அமுங்கவில்லை. குனிந்து பார்த்தவரின் முகம் செத்துப்போயிற்று.

"நல்ல நேரம் போவுது, நீங்க எடுங்க" என்று இறங்கிவிட்டேன். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி ஒரே மூச்சில் மேடேறியது. சனம் கைதட்டியது. பக்கத்து சீட்டில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சீட்டைச் சரிசெய்கிறேன் என்று எத்தனையோ வாரம் சொன்னார். இஞ்சினைக் கழற்றி மேட்டைக் குறைக்காமல் அது முடியாது என்று ரெண்டு பேருக்குமே தெரியும். எண்பதுகளில் ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். வண்டியைத் தெலுக் இந்தான்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஈப்போவுக்கு வந்தோம். ஓய்வு பெறும்வரை எனக்கு பஸ்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

கார் ஓட்டத் தெரியுமா என்று யாராவது கேட்டால், தெரியும், ரெண்டாவது கியர் வரைக்கும் என்பேன். அவர் பக்கத்தில் இருந்தால் மட்டும், எனக்கு அந்த ஆசையே இருந்ததில்லை என்று சொல்லிவிடுவேன்.