பத்தடி உயரத்தில், முருங்கையை நம்பி

டவுணில் கண்ணாடியிழையில் சாமான் செய்யும் எங்கள் ஃபைபர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது இணைப்பை வடிவமைத்தவர்தான் முதலில் அதன்மேல் ஏறி அரை மணி நேரம் நிற்க வேண்டும்.

கிளை மரத்தோடு சேரும் இடத்தைப் பார்த்து, அதேபோல இழைகளை வளைத்துப் பலகையைத் தூணோடு இணைத்திருந்தேன். இன்று ஏறி நின்றேன். பத்தடி உயரம்.

முதலாளி அண்ணாச்சி கீழிருந்து கேட்டார். "எந்த மரத்தப் பாத்துவே செஞ்சீரு?"

"வீட்டுல நிக்குத முருங்கதான், அண்ணாச்சி."

கீழே நின்றவர்கள் எல்லோரும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

"முருங்கயில காக்கா கூட யோசிச்சுதாம்வே உக்காரும். அசையாம நில்லும்."

'டக்' என்றது. பலகையா, என் முழங்காலா, தெரியவில்லை.

இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. மேலே நின்றபடிதான் இதை எழுதுகிறேன். முருங்கை உறுதியான மரம் என்று யாராவது, பொய்யாகவாவது, ஒரு கமெண்ட் போடுங்கள்.