அக்கா நிறுத்திய பக்கம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்ப்பதால் தெருவில் அவனுக்கு லென்ஸ்காரன் என்றே பெயர். வீட்டுக்கு வந்து கையிலிருக்கும் வெள்ளைத் தூளைக் கழுவியதும் நேராகப் பியானோதான். பெரிய வித்வான் என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் முடிகிற சின்ன உருப்படிகள், அதிலும் தட்டுத்தடுமாறல்.

ஐம்பதைத் தாண்டியதும் அவனுக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. மேற்கத்திய இசையின் ரொமான்டிக் காலத்துப் பெரிய சொனாட்டாக்களில், அதாவது பல பாகங்கள் கொண்ட நீண்ட உருப்படிகளில், ஒன்றையாவது வாசித்துவிட வேண்டும். அரை மணி நேர வாசிப்பு. அவனைப் போன்றவன் கற்று முடிக்கப் பல வருடம் பிடிக்கும். வீடு வாங்குகிற மாதிரி யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யோசனை சொல்ல அக்கா இருந்தாள். பியானோ டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு தன் ஆசையைத் தள்ளிப்போட்டே வந்து, ஒருவழியாக ஒரு புயல் மாதிரியான சொனாட்டாவைத் தொடங்கியவள். முதல் பாகத்தின் நடுவில் ஒரு நாள் இடது கை மரத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது. அன்று பக்கத்தில் உட்கார்ந்து இசைத்தாளைத் திருப்பியவன் இவன்தான். இவன் திருப்பினான், அவள் கை வரவில்லை.

"எதைடா எடுக்கப் போற? ரொம்ப நாள் கூடவே இருக்கப் போறது, பாத்து எடு" என்றாள் போனில்.

"மெதுவா போகுமே, அந்த சொனாட்டாதான் அக்கா."

"அதான் சரி. உன் கைக்கு அது போதும்."

வாய் கூசாமல் சொன்ன பொய். அவன் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது அந்தப் புயல் சொனாட்டாவைத்தான். கேட்டால் அவள் மனம் நோகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். உண்மை அதைவிடக் கேவலம். சின்ன வயதிலிருந்து 'உன் கைக்கு அது போதும்' என்று கேட்டுக் கேட்டுப் புளித்தவனுக்கு, அவள் கை ஓய்ந்த பிறகாவது அவளை முந்திவிட வேண்டும் என்ற நப்பாசை. அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் வாசித்தான். மாதக்கணக்கில் முட்டி மோதி, அக்கா நின்ற அந்தப் பக்கத்தின் கடைசி வரிவரை வந்துவிட்டான். அதற்குமேல் தாளைத் திருப்பக் கை எழவில்லை. திரும்பத் திரும்ப முதலிலிருந்தே தொடங்கினான். மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றாள். அவசர அவசரமாகப் புயலை பியானோ ஸ்டூலின் மூடியைத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தான். அவள் பையிலிருந்து மெதுவான சொனாட்டாவின் பிரதியை எடுத்துப் பியானோமேல் வைத்தாள். முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த விரல் என்று பென்சிலால் எண் போட்டிருந்தாள்.

"இடது கைக்கும் வலது கையாலயே வாசிச்சுப் பாத்துப் போட்டேன். உன் சுண்டு விரல் குட்டையாச்சே, அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தியிருக்கேன். எங்க, வாசி பாப்போம்."

லென்ஸ்காரன் இன்னொரு நாள் வாசிக்கிறேன் என்று மழுப்பினான். அவள் விடவில்லை.

இரண்டு சொனாட்டாவுக்கும் சுருதி ஒன்று, தொடக்கமும் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் ஒரே மாதிரியான கனத்த ஒலிக்கூட்டம். அதை அழுத்தினான். கண் அக்காவின் எண்களைத்தான் பார்த்தது. ஆனால் மாதக்கணக்கில் பழகிய கை யார் பேச்சைக் கேட்கும்? அது தன்பாட்டுக்குப் புயலுக்குள் இறங்கிவிட்டது. சட்டென்று கையை எடுத்தான். அதற்குள் குட்டு உடைந்துவிட்டது.

அக்கா மடியில் கிடந்த இடது கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"உன்கிட்ட போன்ல சொன்னதுக்கு முன்னாடியே." பியானோவைப் பார்த்தபடியே சொன்னான். "உன்னை ஜெயிக்கணும்னு நெனச்சேன் அக்கா. பொய்தான் சொன்னேன். மன்னிச்சிடு."

"கேட்டிருந்தா என் பிரதியையே குடுத்திருப்பேன்ல? நான் பாட்டுக்கு இத்தனை பக்கத்துக்கு எண் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன், பைத்தியக்காரி மாதிரி." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எதுவரைக்கும் வந்திருக்க?"

"நீ நின்ன எடம் வரைக்கும். அதுக்கு மேல போகல."

"நான் கை வராம நின்னேன். உனக்கென்ன கேடு?"

அவள் எண் போட்ட பிரதியை மூடி ஓரமாக வைத்தான்.

"எப்பவும் போல ஸ்டூலுக்குள்ளதான ஒளிச்சு வச்சிருக்க? எடு."

எடுத்து வைத்தான். தொடங்கினான். தப்புத் தப்பாக வந்தது, அவள் திருத்தவில்லை. அந்தக் கடைசி வரி வந்ததும் வழக்கம்போல் நிற்கப் போனான்.

அக்கா எழுந்து, வலது கையால் தாளைத் திருப்பினாள்.