ஜன்னல் கம்பியில் கட்டிய துப்பட்டா

சென்ற கோடையில் சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை, எனக்குப் பழக்கமான முறையில் வரிசை போட்டே சொல்லிவிடுகிறேன்.

1. என் போனஸ் பணத்தில் ஏசி வாங்குவதென்று முடிவானது.

2. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிப்பறையைக் கழுவும்போது, அங்கே ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த என் பழைய துப்பட்டாவை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டேன்.

3. மறுநாள் மாலை அது அதே கம்பியில், அதே முடிச்சோடு இருந்தது.

4. ஏசி வாங்கவில்லை.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நடந்ததுதான் நான் மறக்க முடியாதது.

நான் கெமிக்கல் டிப்ளமோ படித்தவள். நெம்மேலி பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைச் சோதித்து அளவுகள் எழுதும் வேலை. அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன்பு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்ததில் அம்மாவுக்கு வலது முழங்கால் சரியாக மடங்குவதில்லை. மிதிக்க முடியவில்லை என்றதும் தையல் மெஷினுக்கு உடனே மோட்டார் வைத்தோம். அது வேலைக்கான செலவு, அதனால் யாரும் யோசிக்கவில்லை.

அந்தக் கோடைக்கு முன்பு அம்மாவுக்கு இரண்டு முறை சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டில் பார்த்த டாக்டர், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். தண்ணீர் விஷயம் என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? ஒரு பெரிய பாட்டிலில் பேனாவால் கோடு போட்டேன். பத்து மணிக்கு இதுவரை, பன்னிரண்டுக்கு இதுவரை, நாலு மணிக்குக் காலி. தினமும் காலையில் நிரப்பி மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் வந்து பார்த்தால் முதல் கோட்டைக்கூடத் தாண்டியிருக்காது. தாகமே எடுக்கவில்லை என்பார். நான் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று படம் வரைந்து பாடம் நடத்துவேன். அம்மா ஜாக்கெட்டில் ஊக்கு தைத்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

துப்பட்டா மறுபடி கம்பிக்கு வந்த அன்று, கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன், ஈரமான இடத்தில் பழைய துணியை ஏன் கட்டி வைக்க வேண்டும் என்று. அம்மா தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அத்தப் புடிச்சிகினுதான்டி எய்ந்திரிக்கிறேன். நேத்து அது இல்லாம, பக்கெட்டக் கவுத்துப்போட்டு கையூனி எப்டியோ எய்ந்தேன்."

நூலைக் கடித்து அறுத்துவிட்டு, தானாகவே இன்னொன்றும் சொன்னார்.

"தண்ணி குடிச்சா போவணும்ல?"

ஒரு வருடமாக அந்தத் துப்பட்டா அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் பார்த்திருக்கிறேன். ஏதோ துடைப்பதற்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஊர்த் தண்ணீரையெல்லாம் அளப்பவளுக்கு, சொந்த வீட்டில் ஒருவர் தாகத்தோடு உட்கார்ந்திருப்பது தெரியவில்லை.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. வீட்டுக்கு வாங்க வேண்டியவற்றை அதில் எழுதி வைப்பேன். அன்று எடுத்துப் பார்த்தேன். முதலில் ஏசி. இரண்டாவது எனக்கு ஸ்கூட்டி. ஏழாவது, வெஸ்டர்ன் டாய்லெட். முழங்காலுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அப்போதே சொன்னது. பக்கத்தில் என் கையெழுத்திலேயே, 'அம்மா வேண்டாம் என்கிறார். பிறகு பார்க்கலாம்' என்று இருந்தது. தேவையைப் பார்த்து வரிசைப்படுத்தியதாக நினைத்திருந்தேன். உண்மையில் யார் எத்தனை முறை கேட்டார்கள் என்பதுதான் அந்த வரிசை. அம்மா எதையும் கேட்பதில்லை.

அப்பா வந்ததும், ஏசி வேண்டாம், கழிப்பறையை மாற்றலாம் என்றேன்.

"ஏசி வருதுன்னு வண்டி ஸ்டாண்டு பூரா சொல்லி வச்சிகீறேன். இப்ப இன்னான்னு சொல்றது, கக்கூஸு வருதுன்னா?"

அம்மாவும் அவர் பக்கம்தான். ஏசி என்றால் எல்லோருக்கும் சுகம், தனக்கு மட்டும் எதற்குச் செலவு என்றார். நான் வாதாடவில்லை. அப்பாவைக் கழிப்பறைக்குள் போய் உட்காரச் சொன்னேன். வலது காலை மடக்கக் கூடாது, துப்பட்டாவைத் தொடக் கூடாது, எழுந்து வர வேண்டும், அவ்வளவுதான் என்றேன். சிரித்துக்கொண்டே போனார். உள்ளே பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் வெகுநேரம் கை கழுவினார். பிறகு அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

"பிளம்பருக்கு போன் போடு."

பிளம்பர் அண்ணன் வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "இன்னாம்மா, ஏசிக்கு வச்ச துட்ட கக்கூஸ்ல போட்ற?" என்று சிரித்தார். போடுங்கள் அண்ணா, ஆனால் பிடித்து எழச் சுவரில் ஒரு கைப்பிடியும் வேண்டும், அதை நான் குறித்த இடத்தில் போடுங்கள் என்றேன். முந்தின நாளே அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, அவர் கை எங்கே எட்டுகிறதோ அந்த உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன். கைப்பிடிக்கு நல்ல ஸ்டீல் கம்பிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்குச் சாதா இரும்பு தாங்காது. மாட்டி முடித்ததும் இரண்டு காலையும் தூக்கி அந்தக் கம்பியில் தொங்கிப் பார்த்தேன். இடது முனை லேசாக ஆடியது. சர்க்கஸா என்று முணுமுணுத்தாலும், பிளம்பர் அண்ணன் நீளமான போல்ட்டாகத் தேடி எடுத்து மறுபடி மாட்டிக் கொடுத்தார். இரண்டாவது முறை அசையவில்லை.

புது டாய்லெட்டுக்குப் பூசிய சிமென்ட் காய்ந்த அன்று காலை அம்மா உள்ளே போனார். நான் வெளியில் நின்றேன். பக்கெட் சத்தம் இல்லை, ஜன்னல் கம்பி கிறீச்சிடவில்லை. சாதாரணமாகக் கதவைத் திறந்துகொண்டு வந்து, டீ போடவா என்று கேட்டார். என் டிப்ளமோவை வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

அப்பா இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தக் கைப்பிடியைக் காட்டி, எம்பொண்ணு அளவெடுத்துப் போட்டது, தொங்கினாலும் ஆடாது என்கிறார்.

நோட்டு இன்னும் இருக்கிறது. எதையாவது புதிதாக எழுதும் முன், இது இல்லாததால் வீட்டில் யார் எதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறேன். ஏசி இன்னும் வாங்கவில்லை. இந்தக் கோடையும் மின்விசிறியில்தான் போகிறது. துப்பட்டாவை அம்மா மெஷின் துடைக்க வைத்திருக்கிறார். பாட்டிலில் நான் போட்ட கோடுகள் அழிந்துவிட்டன. மறுபடி போடத் தேவைப்படவில்லை. தினமும் மாலையில் அது காலியாக இருக்கிறது.