வராத காட்டுமாடு

என் மகள் சீனாவில் இருக்கிறாள். கிழக்குக் கடலோரத்தில் ஒரு துறைமுக நகரத்தில் மருமகனுக்கு வேலை. என் மனைவி இறந்த மறுவருஷம், "குன்னூர்ல குளிர்ல தனியா உக்காந்துட்டு என்னங்கப்பா பண்றீங்க, கெளம்பி வாங்க" என்று டிக்கெட் எடுத்து அனுப்பினாள். போனேன்.

அங்கிருந்து பஸ்ஸில் சில மணி நேரத்தில் ஆரஞ்சு விளைகிற ஒரு மாவட்டம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போனாள். மலைச்சரிவில் கல் அடுக்கிப் படி படியாகத் தோட்டங்கள், கீழே கால்வாய்கள், அதற்கப்பால் சேற்று நிறத்தில் கடல். தேயிலை இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஆரஞ்சு மரங்கள் இருந்தன. ஆள் உயரம்தான் இருக்கும். கிளை தரையைத் தொடும் அளவுக்குக் காய்.

தோட்டக்காரி என் வயதுக்காரி. கத்தரிக்கோல் ஒன்றைக் கையில் கொடுத்து, பழம் வெட்டும் விதத்தைக் காட்டினாள். முதலில் காம்போடு ஒரு வெட்டு. பிறகு காம்பை ஒட்ட இன்னொரு வெட்டு. மீந்த காம்பு கூடையில் அடுத்த பழத்தைக் குத்திவிடக் கூடாதாம். நான் இரண்டாவது வெட்டை மறந்துகொண்டே இருந்தேன். அவள் என் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெட்டிச் சரி செய்தபடி ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"உங்கப்பா ஆபீஸ்ல இருந்தவரான்னு கேக்கறாங்க" என்று மகள் சிரித்தாள். "எஸ்டேட்ல ஃபீல்ட் ஆபீசர்னு சொன்னேன். அப்பச் சரிதாங்கறாங்க."

மதியம் அவர்கள் வீட்டு வாசலில் நூடுல்ஸ் கொடுத்தார்கள். அப்போதுதான் மகள் அந்தக் கதையை எடுத்தாள். எங்கள் வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அம்மா பர்லியார் பழப்பண்ணையிலிருந்து ஆரஞ்சு ஒட்டுக்கன்றுகள் வாங்கி வந்து வளர்த்தாள், முதல் பூ விடும் வருஷத்தில் காட்டுமாடு வந்து எல்லாவற்றையும் முறித்துவிட்டது என்ற கதை. மகள் கைகளைத் தலைக்கு மேல் கொம்பாக வைத்துக் காட்டினாள். தோட்டக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்த மாட்டுக்கு நல்லா ருசி தெரியுதுங்கறாங்கப்பா."

நானும் சிரித்தேன். அந்தக் கதையில் மாடே இல்லை.

நடந்தது இதுதான். தன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று என் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போயிருந்தாள். மரங்கள் உயரமாகப் போய்க்கொண்டிருந்தன, பூ குறைவு. எனக்குத் தேயிலையைத் தவிர வேறு செடி தெரியாது. தேயிலையை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தால், மொட்டைக் கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் தளிர்க்கும். அவள் திரும்பி வந்து அசந்து போகட்டும் என்று கவாத்துக் கத்தியை எடுத்து நானே வெட்டினேன். முழங்காலுக்கும் கீழே, நன்றாக இறக்கி. தளிர்த்தது உண்மைதான். தளிர் முழுக்க முள். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே வெட்டிவிட்டேன், இனி வளரப்போவது அடிக்கட்டையின் காட்டு ஜாதிதான் என்று புரிந்தபோது அவள் ஊரிலிருந்து வரும் நாள் வந்துவிட்டது.

"காட்டுமாடு முறிச்சுப் போட்டுருச்சு. நான்தான் கட்டையச் சீவிவிட்டேன்" என்றேன்.

"ஏனுங்க, நம்ம ஊட்டுப் பக்கமுமா வருது?" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்த ஒரு பொய்யோடு நின்றிருக்கலாம். மறுவருஷம் அவள் வேறு கன்று வைக்கலாமா என்று கேட்டாள். கன்று வைத்து, மாடு வராமலேயே இருந்தால் என் பொய் தெரிந்துவிடும். "நேத்துக்கூட ஓடைப் பக்கம் குளம்படி பார்த்தேன்" என்றேன். பிறகு அவள் கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று பார்த்தேன். சாணி பார்த்தேன். ஒருமுறை கொம்பே பார்த்தேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் மலைமுனையில் ஒற்றை வீடு. பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அந்த வீட்டில் மாலை வெயில் விழுவது பின்பக்கம் மட்டும்தான். மரங்களுக்கு நடுவே நாற்காலி போட்டு அவள் உட்காருவது அங்கேதான். அந்த நாற்காலி உள்ளே வந்தது. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. மகளையும் அந்தப் பக்கம் விளையாட விடவில்லை. நான் ஓய்வு பெற்று குன்னூர் ஊருக்குள் குடிவரும்வரை, எத்தனையோ வருஷம், என் மனைவி வெயில் வராத முன்னறையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து அவள் போட்ட டீயைக் குடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மகள் மடியில் ஆரஞ்சுப் பையை வைத்திருந்தாள்.

"அடுத்த தடவ லீவுக்கு வரும்போது அம்மா ஞாபகமா ஊட்டுல ஒரு கன்னு வெப்பமுங்கப்பா. காட்டுமாடு வராம சுத்தியும் கம்பி கட்டிரலாம்."

சரி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவளை விட்டால் எனக்கு யாருமில்லை என்பதும் அப்போது நினைவில் இருந்தது. இருந்தும் சொல்லிவிட்டேன். வெட்டியது, முள் தளிர்த்தது, குளம்படி, கொம்பு எல்லாம்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அங்க மாடே வரலீங்களா?"

"வரல."

"ஒருக்காகூட?"

"நான் பார்த்ததில்ல."

"அம்மா ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுத் தாப்பாளத் தொட்டுப் பாப்பாங்க. நான் பாத்துருக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு ஒரு ஆரஞ்சை உரித்தாள். வழக்கமாகப் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டுவாள். அன்று சுளை சுளையாக அவளே தின்று முடித்து, தோலைக் கைக்குட்டையில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

நான் ஊர் திரும்பி நாளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். மாத்திரை, மழை, கேஸ் சிலிண்டர் பற்றிக் கேட்கிறாள். கன்று பற்றி இதுவரை கேட்கவில்லை.

இப்போதெல்லாம் காட்டுமாடுகள் குன்னூர் ஊருக்குள்ளேயே வருகின்றன. போன வாரம் சாயங்காலம் பின்பக்கம் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். வெள்ளைக் காலுறை போட்டதுபோல் கால்களோடு, பெரிய கருத்த மாடு ஒன்று, வெயில் விழுந்த இடத்தில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது. போனை எடுத்தேன். மகளிடம் சொன்னால் என்ன நினைப்பாள் என்று யோசித்தேன். போனை வைத்துவிட்டு, அது போகும்வரை கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தேன்.